தொடாமல் வைத்திருந்த வண்டி

கிளெயிம் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இனி நீங்கள் ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் ஒரு வாக்கியம் காதில் விழுந்துகொண்டே இருக்கும்: "சார், என் மேல தப்பே இல்ல." பாலிசியைக் கொண்டுவர மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆர்.சி. புத்தகத்தை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், இதைச் சொல்ல மறந்த ஒருவரையும் பார்த்ததில்லை. மின்கம்பத்தில் கொண்டுபோய் மோதியவர்கூடக் கம்பத்தைத்தான் திட்டிக்கொண்டு வருவார்.

அதற்கு நாம் சொல்லும் பதிலும் ஒன்றுதான். முழுக் காப்பீடு இருந்தால் உங்கள் வண்டியைச் சரிசெய்வதற்கு யார் மேல் தப்பு என்று நாங்கள் பார்ப்பதில்லை, கவலைப்படாதீர்கள். இதைக் கேட்டதும் பெரும்பாலானவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும், சிலர் அங்கேயே டீ வாங்கிக் கொடுக்கவும் தயாராகிவிடுவார்கள். ஒருவருக்கு மட்டும் அதைக் கேட்டு முகம் செத்துப்போனது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை மறந்துவிட்டேன், அவரை மறக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நான் அம்பத்தூர் கிளையில் மோட்டார் கிளெயிம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சேதம் என்றால் அதை மதிப்பிடும் சர்வேயர் போவார், சின்னச் சேதங்களை நாங்களே போய்ப் பார்த்துவிட்டு வருவோம். என்னிடம் ஒரு கிழட்டு ஸ்கூட்டர் இருந்தது. ஆவடி, அண்ணனூர், பூந்தமல்லி என்று அது நுழையாத சந்து கிடையாது. நீங்கள் இப்போது போனில் வரும் படத்தை விரலால் விரித்துப் பார்த்தே வேலையை முடித்துவிடுகிறீர்கள். கெட்டிக்காரத்தனம்தான், நான் ஒன்றும் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை. ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள் படத்தில் வருவதில்லை. எனக்கு அந்த ஆட்களைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. வெயிலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு யார் வீட்டு வாசலிலாவது நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துப் பல காலம் ஆகிவிட்டது.

அவர் பெயர் முருகேசன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸில் வீடு. மனைவி கஸ்தூரி, பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடியில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பத்துப் பெண். இரண்டு வீட்டாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே நடத்திவைத்த கல்யாணம். மாமனார் வீட்டுக்கு மனைவியை மரியாதையாகக் கூட்டிப்போக வேண்டும் என்றே ஒரு பழைய பியட் காரை வாங்கியிருந்தார் மனுஷன்.

அந்தக் காரில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கரையான்சாவடிக்குப் போயிருக்கிறார். முன்னால் போன பஸ் ஆட்களை இறக்குவதற்காக நின்றது. இவரும் அதன் பின்னால் நிறுத்தினார். பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. டிக்கி உள்ளே போய்விட்டது, பம்பர் மடங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் வெளிக்காயம் எதுவும் இல்லை. ஸ்டேஷனில் இரு தரப்பையும் உட்கார வைத்து சமாதானம் பேசி அனுப்பிவிட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று குவார்ட்டர்ஸ்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம்.

தலைப்பாகையோடு போகவில்லை. கஸ்தூரி அப்போது நான்கு மாதம். வீட்டுக்கு வந்த பிறகு வயிற்று வலி கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்து, அந்தப் பிள்ளை தங்காமல் போய்விட்டது.

இதை அவர் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து சொன்ன விதம்தான் என்னை என்னவோ செய்தது. பம்பர் மடங்கியது, டிக்கி மூடவில்லை, கர்ப்பம் கலைந்தது என்று எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னார். சொல்லிவிட்டு நேராக லாரியின் பெயின்டுக்குப் போய்விட்டார். லாரி பச்சை நிறம், காரின் நசுங்கலுக்குள் அந்தப் பச்சை ஒட்டிக்கொண்டிருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். நாம் எல்லாரிடமும் சொல்வதைத்தான் நானும் சொல்லி அனுப்பினேன். நாங்கள் வந்து பார்க்கும் வரைக்கும் வண்டி அப்படியே இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம்.

போய்ப் பார்த்தேன். வாசலுக்கு நேர் எதிரில் காரை நிறுத்தி, தார்ப்பாயால் மூடி, காற்றில் பறக்காமல் சுற்றிலும் கல் வைத்திருந்தார். தார்ப்பாயை அவர் விலக்கியதும் நசுங்கல் தெரிந்தது, பச்சையும் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து கஸ்தூரி ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கார் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான் குறிப்பெடுத்துக்கொண்டு, வண்டியை ஒர்க் ஷாப்புக்கு அனுப்பிவிடலாம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

அப்போதுதான் அவர் கேட்டார், என் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று. லாரி டிரைவர் ஸ்டேஷனில், பியட்காரர் திடீரென்று பிரேக் அடித்தார் என்று சொல்லியிருக்கிறான். அது எப்படியோ கஸ்தூரியின் அண்ணன் காதுக்குப் போய், அங்கிருந்து மாமனார் காதுக்குப் போய், ஓட்டத் தெரியாதவன் எதற்குக் கார் வாங்கினான், எங்கள் பெண்ணின் வயிற்றில் மண்ணைப் போட்டுவிட்டான் என்று ஆகியிருக்கிறது. நான் நம் வழக்கமான பதிலைச் சொன்னேன். நாங்கள் தப்பு யாருடையது என்று பார்ப்பதில்லை, எப்படியும் வண்டி சரியாகி வந்துவிடும்.

"போலீஸ் சொல்லாது, நீங்களும் சொல்ல மாட்டீங்க. அப்ப யாரு சார் சொல்லுவா?" என்றார்.

நம் தொழிலில் அதற்கு ஒரு இடமே கிடையாது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். நஷ்டத்தை ஈடு செய்ய ஆயிரம் வழி வைத்திருக்கிறோம். நீ நல்லவனப்பா, போய்த் தூங்கு என்று ஒருவனுக்குச் சொல்ல நம்மிடம் ஆள் இல்லை.

வண்டி ஒர்க் ஷாப்புக்கு வரவே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒர்க் ஷாப் வைத்திருந்தவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், அந்த பியட் என்னாச்சு சார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆவடிப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். தார்ப்பாய் அப்படியே இருந்தது, அதன் மேல் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. வீட்டில் கஸ்தூரி இல்லை. அவளுடைய அம்மா வந்து கூட்டிப்போய்விட்டாள் என்றார் முருகேசன்.

நடந்தது இதுதான். அம்மா ஒரு பூசணிக்காயும் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அடிபட்ட வண்டியை அப்படியே வாசலில் வைக்கக் கூடாது, கழுவி, திருஷ்டி கழித்து, பூசணிக்காயை உடைத்துவிட்டால்தான் பிடித்தது விடும் என்பது அவர்கள் வழக்கம். முருகேசன் குறுக்கே நின்றுவிட்டார். இன்சூரன்ஸ் ஆபீஸில் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், கழுவினால் பச்சை போய்விடும் என்று ஒரே பிடிவாதம். அந்த அம்மா குடத்துத் தண்ணீரை அங்கேயே தரையில் கொட்டிவிட்டு, உள்ளே போய் மகளின் புடவைகளைப் பையில் எடுத்துவைத்து, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்தான் அப்போதே பார்த்துவிட்டேனே, இன்னும் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மேலிடத்திலிருந்து இன்னொருவர் வந்து பார்த்தால் என்ன செய்வது என்றார். மேலிடம் என்று யாரும் வரப்போவதில்லை என்று அவருக்கே தெரியும். பிறகு தயங்கித் தயங்கி, நீங்கள் ஆபீசர், நீங்கள் சொன்னால் அவர்கள் நம்புவார்கள், ஒரு தடவை கரையான்சாவடிக்கு வந்து என் மேல் தப்பில்லை என்று வாய் வார்த்தையாகச் சொல்லுங்கள் என்றார். அவள் திரும்பி வராவிட்டால் கோவில்பட்டிக்கே மாற்றிக்கொண்டு போய்விடப் போவதாகவும் சொன்னார். அங்கே அவருக்கு எந்தத் தொழிற்சாலை மாற்றல் கொடுக்கும் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் மேனேஜர் அனுபவஸ்தர். விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார். "நம்ம வேலை தகரத்தோட நிக்கணும்யா. மனுஷனுக்குள்ள போனா வெளிய வர்றது கஷ்டம்." அவர் சொன்னது தப்பில்லை. நூற்றில் தொண்ணூறு கேஸுக்கு நீங்கள் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு லாரிக்காரர் கோர்ட்டுக்குப் போனால், கிளெயிம் பார்த்தவனே காரோட்டியவர் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தான் என்று வரும். வேலைக்கே உலை.

அப்புறம் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். காரணம் என் அறையில் இருந்தது. என் மனைவி தேனிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் அம்பத்தூரில் மாடி அறை ஒன்றில் தனியாக இருந்தேன். அவளுக்கு இங்கே மாற்றல் கிடைக்கவில்லை, எனக்கு அங்கே கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் சாப்பிட்டியா என்று கேட்பேன், சாப்பிட்டேன் என்பாள். மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வைத்துவிடுவேன். சொல்ல நினைத்தது எல்லாம் அறைக்குத் திரும்பி வரும் வழியில்தான் ஞாபகம் வரும். பக்கத்து ஊரில் மனைவி இருந்தும் ஒருவன் தனியாகக் கிடக்கிறான் என்றால் எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். வாரம் முழுவதும் யோசித்துவிட்டு ஒரு சனிக்கிழமை மதியம் ஸ்கூட்டரை எடுத்தேன்.

முருகேசனும் பின்னால் உட்கார்ந்து வந்தார். மாமனார் வீட்டுக்குள் வர மாட்டேன் என்று எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் போனேன்.

மாமியார் என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். கோபக்காரிதான், ஆனால் வீட்டுக்கு வந்தவனிடம் கோபத்தைக் காட்டும் வழக்கம் இல்லாதவள். "வண்டிய பொணத்த மூடி வச்ச மாறி ஊட்டு வாசல்ல வச்சிகினு கீறாரு சார். என் பொண்ணு அத்த பாத்துகினே எப்டி சோறு துன்னும்?" என்றாள். மாமனார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தேன், நசுங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தால் கார் நின்றுகொண்டிருந்தபோதுதான் லாரி இடித்திருக்கிறது, உங்கள் மாப்பிள்ளை மேல் தப்பில்லை என்று ஆரம்பித்தேன்.

உள்ளறைக் கதவோரம் கஸ்தூரி வந்து நின்றிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

"எனக்கு நீங்க சொல்லணுமா சார்? நான் பக்கத்துலதானே குந்திகினு இருந்தேன். வண்டி நின்னுகினுதான் இருந்துச்சு. அண்ணங்கிட்டயும் அப்பாகிட்டயும் அப்பவே சொல்லிட்டேன்."

பிறகு ஏனம்மா இங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"தப்பு இல்ல, தப்பு இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிகினு சுத்துறாரு. பச்ச பெயின்டு, பச்ச பெயின்டுன்னு ராவும் பகலும் அதே பேச்சு. புள்ளயப் பத்தி ஒரு வாட்டி பேசல சார். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் எங்கூட குந்தி ஒரு வாட்டி அழல. போனது எனக்கு மட்டும்தானா?"

மாமனார் வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டார். அவருக்கும் இது புதுச் செய்தி என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. நான் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தது இந்த இடத்தைத்தான். என் மேல் தப்பில்லை என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தால், தப்பைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, உங்களுக்கு என்ன போய்விட்டது என்று கேளுங்கள். உங்கள் மேஜையில் அதற்குக் கட்டம் இருக்காது. இருந்தாலும் கேளுங்கள். என் மனைவிக்குக் கடைசியில் மாற்றல் கிடைத்து வந்து சேர்ந்தபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. அப்புறம் சேர்ந்திருந்தது கொஞ்ச காலம்தான், போய்ச் சேர்ந்துவிட்டாள். இழந்த அந்த வருஷங்களுக்கு அவள் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. அது தெரிந்திருப்பதால் ஏக்கம் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

டீக்கடையில் முருகேசன் எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் சுற்றி வளைக்கவில்லை, அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆறிப்போன டீயைக் கீழே வைத்தார்.

"அழுதா, தப்பு செஞ்சவன் அழுற மாதிரி ஆயிரும்னு நெனச்சேன் சார்."

நாமே பாலிசியில் அச்சடித்துக் கொடுக்கிறோம், எங்களைக் கேட்காமல் எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளாதே என்று. சாலையில் நிற்பவனுக்குச் சொன்ன புத்திமதியை இந்த மனுஷன் வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்விட்டார். அவர் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து என் கையில் கொடுத்து, ஒர்க் ஷாப்பில் சொல்லி வண்டியை எடுத்துப் போகச் சொல்லுங்கள், கழுவட்டும் என்றார். பிறகு ரோட்டைத் தாண்டி மாமனார் வீட்டுப் பக்கம் நடந்தார். வாசல் வரைக்கும் போய் நின்றார். மாமியார்தான் உள்ளே வரச் சொன்னாள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஷிப்ட் முடிந்ததும் அவர் தினமும் கரையான்சாவடிக்குப் பஸ் ஏறினார். கூடத்தில் உட்கார்ந்திருப்பார், அவள் உள்ளறையில் இருப்பாள். அவருக்கு அழுகையும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. பழகாதவனை அழு என்றால் எப்படி அழுவான்? ஒரு நாள் எனக்குப் போன் செய்து, கஸ்தூரி வீட்டுக்கு வரச் சம்மதித்திருக்கிறாள், ஆனால் அவள் துணிப் பையைப் பிரித்து வைப்பாளா என்று தெரியவில்லை என்றார். வண்டி தயாராகிவிட்டது, இரண்டு பேரும் நேராக ஒர்க் ஷாப்புக்கே வருகிறோம், நீங்கள் வந்து ஓட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். ஸ்டியரிங்கைத் தொடவே அவருக்குப் பயமாக இருக்கிறதாம். அவர் வாயிலிருந்து வந்த முதல் பலவீனமான வார்த்தை அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒர்க் ஷாப்காரர் டிக்கியை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, துடைத்து நிறுத்தியிருந்தார். அடிபட்ட வண்டி என்று யாரும் சொல்ல முடியாது. கஸ்தூரி வண்டியைச் சுற்றி வரவில்லை, முன் சீட்டுப் பக்கமும் போகவில்லை. பின்கதவைத் திறந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முருகேசன் எனக்குப் பக்கத்தில் உட்காரப் போனவர், ஒரு கணம் நின்று, சுற்றிக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் அவளுடைய துணிப் பை இருந்தது.

நான் வண்டியை எடுத்தேன். அம்பத்தூர் தாண்டியது. சாயங்காலம், வேலை விட்டு வருகிறவர்களின் சைக்கிள் கூட்டம். யாராவது எதையாவது பேசுங்களேன் என்று எனக்கு மனசுக்குள் தவிப்பாக இருந்தது.

திருமுல்லைவாயல் வந்தபோது முருகேசனின் குரல் கேட்டது. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"பொம்பளப் புள்ளையா இருக்கும்னு நெனச்சிருந்தேன் கஸ்தூரி."

கொஞ்ச தூரம் வண்டி போயிற்று.

"நானுந்தான்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவர் அழுதார். வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்து, பொத்த முடியாமல் குரலெடுத்து அழுதார். துணிப் பை கீழே விழுகிற சத்தம் கேட்டது. அவளும் அழுதாள். நான் கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். ஆவடியில் அவர்களுடைய குவார்ட்டர்ஸுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. நான் திரும்பவில்லை, நேராகப் போனேன். பட்டாபிராம் வந்து, அதுவும் பின்னால் போய்விட்டது. எங்கே போகிறோம் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.